மஞ்சள் மூட்டையின் ஏலச் சீட்டு

ஐயா,

மசாலாப் பொடிகளின் தரம் குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். 2024 ஏப்ரலில் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிநீக்க வேதிப்பொருள் காரணமாகச் சில இந்திய மசாலாக்களைச் சிங்கப்பூரும் ஹாங்காங்கும் விற்பனையிலிருந்து அகற்றிய பிறகும், பொட்டலத்தின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தொகுதி எண்ணும் அரைத்த ஆலையோடு நின்றுவிடுகின்றன. அதற்கு முந்தைய தடம் நுகர்வோருக்குத் தெரிவதில்லை. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் விவசாயியின் பெயர் எழுதிய சீட்டு மூட்டையோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வணிகரின் கிடங்கில் பல ஊர் விரலி மஞ்சளும் ஒரே குவியலாகக் கொட்டப்பட்டதும் அச்சீட்டு குப்பைக்குப் போய்விடுகிறது.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் திராட்சையைத் தோட்டம் வரை தடம் காண ‘கிரேப்நெட்’ முறை இருக்கையில், நம் வீட்டுச் சமையலுக்கான மஞ்சளுக்கு அத்தகைய அக்கறை ஏன் இல்லை? ஏலச் சீட்டு எண்ணை ஆலையின் தொகுதிப் பதிவேட்டில் குறிப்பதை, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உரிம நிபந்தனையாக்க வேண்டும்.