நைல்ஸ் போதகரின் பாட்டுகளைத் தமிழில் பாட வையுங்கள்

அன்புள்ள போதகர்களே, பாடகர் குழுத் தலைவர்களே,

ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டுத் தெரிவு செய்வது உங்கள் கையில் இருப்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

மெதடிஸ்த இறையியலாளர் டி. டி. நைல்ஸ் யாழ்ப்பாணத்துத் தமிழர். 1948-ல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது பிரசங்கித்தவர். 1968-ல் சுவீடனின் உப்சாலாவில் அதே மன்றத்தின் பேரவையில் மார்ட்டின் லூதர் கிங் பிரசங்கிக்க இருந்தார். ஏப்ரலில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டதால் அந்தப் பிரசங்கத்தைச் செய்தவரும் நைல்ஸ்தான். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், சரி. ஆனால் நான் போய்வரும் சபைகளில் அவருடைய பாட்டு ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை.

ஆசியத் திருச்சபைகளின் அமைப்பான கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டின் (இன்றைய ஆசியக் கிறிஸ்தவ மாநாடு) பொதுச் செயலாளராக ஊர் ஊராக அலைந்த காலத்தில்தான் அவர் அதன் பாடல்நூலைத் தொகுத்தார். 1963-ல் அது வெளிவந்தது. 40-க்கு மேற்பட்ட பாட்டுகள் அவரே எழுதியவை. பல நாட்டுக் கிறிஸ்தவர்களின் பாட்டுகளை, அவர்களுடைய மெட்டிலேயே மற்றவர்களும் பாடும்படி ஆங்கிலத்தில் ஆக்கித் தந்தார். ‘சரணம் சரணம்’ பாட்டைப் பாருங்கள். மெட்டு பஞ்சாபி, அதைப் பாடும்படி அமைத்தவர் சாந்தி ரசநாயகம், ஆங்கிலச் சொற்கள் நைல்ஸ். அமெரிக்க ஐக்கிய மெதடிஸ்தத் திருச்சபையின் 1989 பாடல்நூலில் அது 523-ம் பாட்டு. பல்லவியில் ‘சரணம்’ என்ற சொல் அப்படியே நிற்கிறது. அங்கே பாடுகிறார்கள், நாம் பாடுவதில்லை!

நமக்குத்தான் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகள் இருக்கின்றனவே என்பீர்கள். அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. கீர்த்தனை நம் மண்ணின் ஜெபம். நைல்ஸின் நூலோ ஆசியாவின் மற்றச் சபைகள் எப்படி ஜெபிக்கின்றன என்று காட்டுகிறது. நம் பாட்டுப் புத்தகமான பாமாலையைத் திறந்தால் ஐரோப்பியப் பாட்டுகள் வரிசையாக வருகின்றன. பக்கத்து நாட்டுக் கிறிஸ்தவனின் பாட்டு நமக்குத் தெரியாது. அந்தக் குறையைத்தான் அவர் தீர்க்கப் பார்த்தார்.

‘சரணம் சரணம்’ பாட்டிலிருந்தே தொடங்குங்கள். ஆர்மோனியமும் தபேலாவும் போதும். வரிகளைத் தமிழாக்கும் வேலையைக் குழுவின் இளையவர்களிடம் கொடுங்கள். மெட்டுக்குள் உட்காருகிறதா என்று பாடிப் பாடித் திருத்தட்டும். நைல்ஸ் 1970 ஜூலை 17-ல் வேலூரில் காலமானார். அந்தத் தேதியை ஒட்டிய ஞாயிறன்று முதல் தடவை பாடலாம். அச்சிடுவதற்கு முன் ஆசியக் கிறிஸ்தவ மாநாட்டுக்கு எழுதி அனுமதி கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபையார் ஒருவர்