அப்பாவுக்கு இல்லாத கட்டி மகனுக்கு ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏழரை அடி மனிதர் என்றால் படத்தோடு செய்தி வருகிறது. அந்த உயரம் பெரும்பாலும் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டியால், வளர்ச்சி ஹார்மோன் மிகுந்து வந்த நோய் என்று ஒரு வரியாவது சேர்க்க வேண்டும்.

'அயர்லாந்து ராட்சதன்' என்று லண்டனில் காசு வாங்கிக் காட்டப்பட்ட சார்லஸ் பைர்ன், 1783-இல் 22 வயதில் இறந்தார். கடலில் அடக்கம் செய்யச் சொன்னவரின் எலும்புக்கூடு அருங்காட்சியகத்துக்குப் போனது. 2023-இல்தான் காட்சியிலிருந்து விலக்கினார்கள். அவருடைய பல்லிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில், இந்தக் கட்டிக்கு வழிவிடும் ஏ.ஐ.பி. என்ற மரபணுப் பிழை இருப்பது 2011-இல் தெரிந்தது. இன்றைய வட அயர்லாந்துக் குடும்பங்கள் சிலவற்றிலும் அதே பிழை. பொது மூதாதை ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முந்தையவர்.

இத்தனை தலைமுறை அது மறைந்திருந்ததற்குக் காரணம் உண்டு. பிழையுள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் அந்தப் பிழை உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கே கட்டி வரும். அப்பா நலமாக இருந்துகொண்டே மகனுக்குக் கடத்திவிடலாம். 'குடும்பத்தில் யாருக்கும் இல்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதோடு நிறுத்துவது இங்கேதான் தவறாகிறது. பெரியப்பா, அத்தை, தாத்தா வரை கேட்க வேண்டும்.

வளர்ந்து முடிந்த பின் இதே ஹார்மோன் மிகுந்து முகமும் கை கால்களும் பெரிதாவது அக்ரோமெகலி. அந்த நோயாளிகள் எல்லோருக்கும் மரபணுச் சோதனை தேவையில்லை. பெரும்பாலானோருக்கு இது பரம்பரையாக வருவதில்லை. 30 வயதுக்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி, குழந்தைப் பருவத்திலேயே அதீத வளர்ச்சி, குடும்பத்தில் இருவருக்குக் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தால் அந்தச் சோதனையைக் கேளுங்கள். ரத்தத்தில் கால்சியமும் பாருங்கள். அது கூடியிருந்தால் மென்-1 என்ற வேறொரு மரபணுவைச் சந்தேகிக்க வேண்டும்.

நோயைக் கண்டுபிடிக்க, வளர்ச்சி ஹார்மோனை ஒருமுறை மட்டும் அளந்து முடிவு சொல்லக் கூடாது. அது நாள் முழுக்க ஏறி இறங்கும். முதலில், வளர்ச்சி ஹார்மோனின் தூண்டலால் கல்லீரல் சுரக்கும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற பொருளை அளந்து, வயதுக்குரிய அளவோடு ஒப்பிட வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை நோயிலும் கல்லீரல் கோளாறிலும் இது பொய்யாகக் குறைந்து காட்டும். பிறகு வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, அரை மணிக்கொரு முறை இரண்டு மணி நேரம் ரத்தம் எடுக்க வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இறங்காவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

கல்யாண ஆல்பத்தை எடுத்து இன்றைய முகத்தோடு வைத்துப் பாருங்கள். கீழ்த்தாடை முன்னே வந்திருக்கிறதா, பற்களுக்கிடையே இடைவெளி விழுந்திருக்கிறதா, மோதிரம் இறுகிவிட்டதா, செருப்பு அளவு கூடியிருக்கிறதா? அந்தப் படத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.