மயக்க மருத்துவர் வரும்வரை நின்ற கேத் லேப்: மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியை எடுக்கும் சிகிச்சை நடத்தும் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

முப்பது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தொடை வழியாகக் குழாய் விட்டு மூளையில் அடைத்த கட்டியை எடுப்பது, 2015-க்குப் பிறகு அதற்குக் கிடைத்த மதிப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். அந்த மேஜைப் பக்கத்தில் இரவிலும் ஒரு மயக்க மருத்துவர் இருக்க வேண்டும்.

போன தை மாதம் ஒரு ராத்திரி என் கணவருக்கு வலது கை, கால் விழுந்தது. பேச்சு போனது. நாம் சொல்வது புரிவதும் போனது. ஸ்கேன் வரைக்கும் எல்லாம் வேகமாக நடந்தது, அதற்கு நன்றி. கேத் லேப்பில், அதாவது குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறையில், லேசான மயக்கத்திலேயே செய்துவிடலாம் என்றார்கள். "சார், அசையாம படுங்க" என்று டாக்டர் நாலைந்து முறை சொன்னார். என் கணவருக்குத்தான் தமிழே புரியவில்லையே! நன்றாக இருந்த இடது கை ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கையைக் காஸ் துணியால் மேஜையோடு கட்டினார்கள். அப்புறம் உள்ளே இருந்த சிஸ்டர் வெளியே வந்து, "அக்கா, நீங்க வந்து சொன்னா கேப்பாரு" என்றார். ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு போய் அந்தக் கையைப் பிடித்தேன். என் வளையலைத் தடவிப் பார்த்தார். தலை மட்டும் நிற்கவில்லை. எடுத்த படமெல்லாம் கலங்கிப்போய் வந்தது.

முழு மயக்கம் கொடுத்தால்தான் முடியும் என்று அப்போது முடிவானது. கொடுக்க ஆள் இல்லை. அன்றைக்குக் கூப்பிட்டால் வர வேண்டிய மயக்க மருத்துவர் வேறொரு மருத்துவமனையில் சிசேரியனில் இருந்தார். 55 நிமிடம் கழித்து, அந்த மருத்துவமனைத் தொப்பியோடவே மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே ராத்திரியில் அவரை மூன்று இடத்துக்கு ஓடவிட்டது யார்?

பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் சாகும் என்பது கணக்கு. 55 நிமிடத்துக்கு 10 கோடியே 45 லட்சம். இந்தப் பெருக்கலை நான் எத்தனை ராத்திரி போட்டுப் பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள். என் கணவருடைய இன்றைய நிலைக்கு அந்த 55 நிமிடம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் டூத் பிரஷைக் கையில் கொடுத்தால் அதை வைத்து என்ன செய்வது என்று என் முகத்தைப் பார்க்கிறார்.

முழு மயக்கமா லேசான மயக்கமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. முழு மயக்கம் கெடுதல் என்று முதலில் சொன்னார்கள். ஆனால் நிலை மோசமானவர்களுக்குத்தானே அது அதிகம் கொடுக்கப்பட்டது, ஒப்பீடு எப்படிச் சரியாகும்? பிறகு ஜெர்மனியின் ஹைடல்பர்க், சுவீடனின் கோத்தன்பர்க், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் ஆகிய மூன்று ஊர்களில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். மூன்றையும் சேர்த்து 368 நோயாளிகள். 2019-இல் வந்த கூட்டுக் கணக்கில், மூன்று மாதத்தில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தேறியவர்கள் முழு மயக்கத்தில்தான் அதிகம். அதற்குப் பிறகு பிரான்சில் நடந்த பெரிய ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சரி, எது என்பதை நோயாளியைப் பார்த்து முடிவு செய்யட்டும். டியூட்டியில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதைப் பார்த்து அல்ல.

ஹைடல்பர்க்கில் லேசான மயக்கத்தில் தொடங்கிய 77 பேரில் 11 பேரை நடுவிலேயே முழு மயக்கத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. ஏழில் ஒருவர்! என் கணவர் அந்த ஏழாவது ஆள். லேசான மயக்கம் போதும் என்று தொடங்கும்போதும் மயக்க மருத்துவர் பக்கத்தில் நின்றாக வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அங்கே முழு மயக்கம் கொடுத்ததால் தாமதமானது சுமார் பத்து நிமிடம்தான்.

இன்னொன்று, ரத்த அழுத்தம். கட்டிக்கு அப்பால் தவிக்கும் மூளை பக்கக் குழாய்களில் கசிந்து வரும் ரத்தத்தை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. அந்த ஆய்வுகளில் மேல் அழுத்தம் 140-க்குக் கீழே போகாமல் காப்பதையே இலக்காக வைத்தார்கள். என் கணவருக்கு மருந்து ஏறியதும் மானிட்டரில் 170 இருந்தது 98-க்கு வந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நோயாளியை அப்போதுதான் முதன்முதலில் பார்க்கும், ஓடி வந்த ஒரு மனிதர் தனியாக எத்தனையைக் கவனிப்பார்?

பைபாஸ் சாலையில் "24 மணி நேரப் பக்கவாத சிகிச்சை" என்று எத்தனை பேனர்கள்! கேத் லேப்புக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கிறீர்கள். இரவு டியூட்டிக்கு ஒரு மயக்க மருத்துவரைச் சம்பளத்துக்கு வைக்கக் கணக்குப் பார்க்கிறீர்கள். கேஸுக்கு இவ்வளவு என்று கொடுத்து அவர்களை ஊரெல்லாம் ஓடவைக்கும் இந்தப் பழக்கத்தில் பிரசவ அறைகளில் காத்துக்கிடக்கும் பெண்களும் இருக்கிறார்கள், அது தனிக்கதை.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கவாத அழைப்பு வந்ததும் நரம்பியல் மருத்துவருக்குப் போகும் அதே போன், அதே நிமிடத்தில் மயக்க மருத்துவருக்கும் போகட்டும். அவர் உங்கள் கட்டடத்துக்குள்ளேயே இருக்கட்டும். இந்த மாத டியூட்டி பட்டியலிலேயே அவருக்கு ஒரு வரி ஒதுக்குங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு தியேட்டர் நர்ஸ்