தட்டான் தெருவைக் காட்டாமல் கூட்டிவந்துவிட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு மலரில் துருக்கியில் இருக்கும் எபேசு பற்றி வந்த பயணக் கட்டுரையை வாசித்தேன். படங்கள் அருமை. செல்சுஸ் நூலகம், மாதா வாழ்ந்ததாகச் சொல்லும் வீடு, வழுக்கும் சலவைக்கல் தெரு எல்லாம் வந்திருக்கிறது, எங்கள் ஆள் ஒருத்தனைத்தான் காணோம். தெமேத்திரியுவைச் சொல்கிறேன்.

நான் களியக்காவிளையில் நாற்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிற தட்டான். அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் வருகிற தெமேத்திரியுவும் தட்டான்தான், நம் வேதாகமத்தில் அந்த வார்த்தையேதான் போட்டிருக்கிறது. எபேசு ஊர்க்காரர்கள் கும்பிட்ட பெண் தெய்வம் தியானாள், அவள் கோயில் மாதிரி வெள்ளியில் குட்டிக் கோயில் செய்து விற்றவன். கையால் செய்தது தெய்வமாகாது என்று பவுல் வந்து பிரசங்கம் பண்ண, பிழைப்பு போயிற்றே என்று தொழில்காரர்களைக் கூட்டிக் கலகம் பண்ணினான். ஓய்வுநாள் பள்ளியில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் மற்ற பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கும். அப்புறம் நானும் அதே வேலைதானே செய்தேன், வெள்ளித் தகட்டில் கண்மலர், கை, கால், தொட்டில் என்று தட்டிக் கொடுத்தேன், அம்மன் கோயிலுக்கு நேர்ந்தவரும் வாங்குவார், வேளாங்கண்ணிக்கு நேர்ந்தவரும் வாங்குவார்.

அதனால் மகன் பணம் கட்டி, திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பிய ஒரு புனிதப் பயணக் குழுவில் என்னையும் அவன் அம்மையையும் சேர்த்துவிட்டபோது, மற்றவர்கள் மாதா வீட்டை நினைத்துக்கொண்டு வந்தார்கள், நான் தெமேத்திரியுவின் கலகக் கூட்டம் கூடிய அரங்கசாலையை நினைத்துக்கொண்டு போனேன்.

எபேசு கிரேக்கர் கட்டிய பட்டணம். அலெக்சாண்டரின் தளபதியாக இருந்த லைசிமாக்கஸ் கி.மு. 300 வாக்கில் அதை இப்போதைய இடத்துக்கு மாற்றினார், இன்று தரைக்கு மேலே நிற்பது பெரும்பாலும் ரோமர் காலத்துக் கட்டடம். ஒரு காலத்தில் பெரிய துறைமுகம், ஆனால் கடல் கண்ணுக்கே தெரியாது. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணில் துறைமுகம் தூர்ந்துபோய்க் கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டது. அரங்கசாலையின் மேல் படியிலிருந்து பார்த்தால் துறைமுகத் தெரு தூண்களோடு நேராகப் போகிறது, போய்ப் புல்லும் புதருமாக முடிகிறது.

இருபத்தைந்தாயிரம் பேர் உட்காரலாம் என்கிறார்கள். கலகக்காரர்கள் பவுலின் கூட்டாளிகள் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு இங்கேதான் பாய்ந்து வந்தார்கள், எதற்காக வந்தோம் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது, ஆனாலும் இரண்டு மணி நேரம் தியானாள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். எங்களுக்கு ஊர் முழுவதையும் பார்க்கக் கொடுத்தது ஒன்றரை மணி நேரம். வெள்ளி வேலைக்காரர்கள் கடை போட்டிருந்த இடம் எது என்று வழிகாட்டியிடம் கேட்டேன், பஸ் காத்திருக்கிறது என்றார். அந்த பஸ் எங்களை எங்கே கொண்டுபோனது தெரியுமா, தோல் சட்டை விற்கும் ஒரு ஷோரூமுக்கு, அங்கே இரண்டு மணி நேரம்! களியக்காவிளை வெயிலில் தோல் சட்டையை யார் போடுவது?

ஊருக்குத் திரும்பியபின் வாசித்துத் தெரிந்துகொண்டதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். கி.பி. 104இல் சலுத்தாரிஸ் என்ற பணக்காரர் தியானாளுக்கு வெள்ளிச் சிலைகள் செய்துகொடுத்து, அவற்றைக் கோயிலிலிருந்து ஊருக்குள் ஊர்வலமாக அரங்கசாலைக்குக் கொண்டுபோய்த் திரும்ப வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார். அந்த நீளமான கல்வெட்டு இருந்தது இதே அரங்கசாலைச் சுவரில், இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில். நவராத்திரிக்கு பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் எங்கள் கடை வாசல் வழியாகத் திருவனந்தபுரம் போகிறதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவனுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

தியானாள் கோயில், உலக அதிசயம் ஏழில் ஒன்று, இன்று சதுப்பு நிலத்தில் துண்டு துண்டாக அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூண். அதன் அடித்தளத்தில் தோண்டியபோது தங்கமும் வெள்ளியும் கலந்த காசுகள் கிடைத்தன, உலகத்திலேயே பழைய காசுகளில் சேர்ந்தவை. அந்தக் காசில் ஒன்றை உரைகல்லில் தேய்த்துப் பார்க்க எனக்குக் கை துடிக்காதா? எபேசு மியூசியத்துக்குக் கொடுத்த இருபது நிமிஷத்தில் சலவைக்கல் தியானாளின் மார்பில் ராசிச் சின்னங்களைச் சுற்றிச் செதுக்கியிருப்பதைப் பார்த்தேன். கல்தச்சன் ஏதோ ஒரு அசல் நகையைப் பார்த்துத்தான் செதுக்கியிருப்பான் என்று என் மனசு சொல்லிற்று.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்னாலேயே எபேசுக்கு எத்தனை மணி நேரம், கடைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேல் வாசலில் இறங்கினால் சரிவிலேயே நடந்துவிடலாம், முட்டு வலிக்காரர்களுக்கு நல்லது. நிழல் கிடையாது. சித்திரத் தரை போட்ட பணக்கார வீடுகளுக்குத் தனிச் சீட்டு, அதைக் குழுக்காரர்கள் சொல்லவே மாட்டார்கள்.

வாசலில் கடைகள் வரிசையாக இருந்தன. "அசல் போலி வாட்ச்" என்று ஒருத்தர் கூச்சமில்லாமல் பலகையே வைத்திருந்தார். தெமேத்திரியுவின் வாரிசுகள் விற்பது இப்போது வெள்ளி இல்லை, பிசினில் வார்த்த தியானாள் பொம்மை, அச்சின் பொருத்துக்கோடு இரண்டு பக்கமும் அப்படியே தெரிகிறது, அரத்தால் ராவிக்கூட விடவில்லை. ஒன்று வாங்கிவந்து பட்டறையில் உமி நெருப்புப் போடும் சட்டியான உமியோட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போன வாரம் பாறசாலையிலிருந்து மின்னு, அதாவது கிறிஸ்தவக் கல்யாணத் தாலி, வாங்க வந்த அம்மச்சி அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது ஏது மாதாவா?" என்று கேட்டு நெற்றியில் சிலுவையும் போட்டுக்கொண்டார். எபேசு மாதா என்று சொல்லிவிட்டுச் செய்கூலியை எழுதப் போய்விட்டேன்.

இப்படிக்கு,
ஒரு நகைத் தொழிலாளி,
களியக்காவிளை