மிக்ஸியோடு அமெரிக்கா போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

தண்டையார்பேட்டையில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மிக்ஸி எடுத்துப்போகிற எங்கள் ஏரியாக்காரர்கள் பலர், சின்ன பிளக் அடாப்டர் ஒன்று இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அது பிளக்கின் பின் அங்கே உள்ள சாக்கெட்டில் பொருந்துவதற்கு மட்டும்தான். இங்கே 230 வோல்ட், அங்கே 120, அந்த வோல்டேஜை அடாப்டர் மாற்றாது.

முதலில் சாமானின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 100-240 என்று இருந்தால் (போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான்) அடாப்டரே போதும். மிக்ஸியில் 230 மட்டும் இருந்தால் வோல்டேஜை ஏற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் 750 வாட் மிக்ஸிக்கு 750 வாட்டிலேயே வாங்காதீர்கள், மோட்டார் கிளம்பும்போது அதிகமாக இழுக்கும், 1500 வாட்டாவது இருக்கட்டும். கையில் கனமே தெரியாத கன்வெர்ட்டர்கள் அயர்ன் பாக்ஸ் மாதிரி சூடேறும் சாமான்களுக்குத்தான், மோட்டாரை அதில் போடவே கூடாது. அப்புறம், மின்சாரம் நொடிக்கு எத்தனை சுற்று மாறி மாறி ஓடுகிறது என்கிற ஹெர்ட்ஸ் கணக்கு இங்கே 50, அங்கே 60. டிரான்ஸ்ஃபார்மர் அதை மாற்றாது. மிக்ஸிக்குப் பரவாயில்லை, கிரைண்டர் மோட்டார் வேகம் மாறும்.

அங்கிருந்து பரிசாக வரும் காபி மேக்கர்தான் பெரிய ஆபத்து. 120 வோல்ட் சாமானை நம் பிளக்கில் நேராகச் செருகினால் மூன்றரை மடங்குக்கு மேல் வாட் இழுக்கும். எலிமெண்ட் அறுந்து, பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொண்டு என் மேஜைக்கு வருகிறது, வீட்டில் தீப்பிடிக்காதது அவர்கள் நல்ல நேரம். அடாப்டர் விற்கும் கடைக்காரர்களே, எந்தச் சாமானுக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை