மாத்திரையின் நிறம் மாறியபோது

அன்புள்ள முரளி,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்த சேதியைப் படித்துச் சிரித்தபடி வந்தவன், கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டேன். நம் இருவருக்கும் இருக்கும் ரத்தப் புற்றுநோய்க்கு (சிஎம்எல்) சாப்பிடும் க்ளீவெக்குக்குப் பதிலாக, அதே மருந்தை வேறு கம்பெனிகள் செய்து விற்கும் ஜெனரிக் இமாட்டினிப்பைக் கொடுத்துவிட்டார்கள், தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இதேதான் நடந்தது. பழுப்பும் ஆரஞ்சுமாக இருந்த மாத்திரை ஒரு நாள் வேறு நிறத்தில் வந்தது. யாரும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

உன்னைப் பயமுறுத்தியது, ஜெனரிக்கை அனுமதிக்கும் விதியில் வரும் அந்த "80 முதல் 125 சதவீதம்" தானே? ஜெனரிக்கில் மருந்து 20 சதவீதம் குறைவாக இருக்கலாம் என்று நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன். என் டாக்டர் பேனாவை எடுத்து வரைந்தே காட்டினார். அது மாத்திரைக்குள் இருக்கும் அளவு இல்லை. அங்கே 400 மில்லிகிராம் என்றால் 400தான். இரண்டு மாத்திரைகளையும் ஆட்களுக்குக் கொடுத்து, ரத்தத்தில் ஏறும் அளவை ஒப்பிடுகிறார்கள். அந்த விகிதத்தின் சராசரி மட்டுமல்ல, அதன் நிச்சயமின்மையின் இரு ஓரங்களும் 80க்கும் 125க்கும் நடுவில் அடங்க வேண்டும். சராசரியே 80 பக்கம் சரிந்திருந்தால் ஓரம் வெளியே போய்விடும், மருந்து தேறாது. ஒரே மாத்திரையை விழுங்கும் உனக்கும் எனக்கும் நடுவிலேயே ரத்த அளவு இதைவிட அதிகமாக வேறுபடலாம்.

படிக வடிவம் வேறு என்றும் கேட்டிருந்தாய். உண்மைதான், க்ளீவெக் பீட்டா படிகம். பல ஜெனரிக்குகள் ஆல்ஃபா. அந்தப் பீட்டா வடிவத்துக்கு 2013ல் இந்திய உச்ச நீதிமன்றம் காப்புரிமை மறுத்ததும் பெரிய செய்தியானது. ஆனால் வயிற்று அமிலத்தில் கரைந்த பிறகு ஏது படிகம்? ரத்தத்துக்குள் போவது அதே மூலக்கூறு.

மாறிய முதல் வாரமே எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. "பார்த்தாயா, இந்த மாத்திரைதான்" என்று வீட்டில் குதித்தேன். என் மனைவி பேசாமல் என் பழைய நோட்டை எடுத்து வந்து நீட்டினாள். முந்தைய வருஷமும் ராத்திரி ராத்திரி கால் இழுத்ததை என் கையெழுத்திலேயே எழுதி வைத்திருந்தேன், க்ளீவெக் சாப்பிட்ட நாட்களில்!

அதற்காக, வரும் தொந்தரவெல்லாம் பிரமை என்று சொல்லவில்லை. மேல்பூச்சும் சேர்மானமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் அட்டையில் இருக்கும் கம்பெனி பெயரையும் பேட்ச் எண்ணையும் குறித்து வை. மாசத்துக்கு ஒரு கம்பெனி என்று மாறிக்கொண்டே இருந்தால் எதனால் எது வந்தது என்று டாக்டருக்கே தெரியாது. ஒன்றிலேயே நிற்க முடியுமா என்று கேள்.

ஒன்றை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோபத்தில் முதல் மாசம் நாலைந்து நாள் மாத்திரையே போடவில்லை. லண்டனில் மருந்து பாட்டிலின் மூடியில் மின்னணுக் கருவி பொருத்தி, இமாட்டினிப் சாப்பிடும் நோயாளிகள் ஒழுங்காக மாத்திரை போடுகிறார்களா என்று கவனித்திருக்கிறார்கள். 2010ல் வெளியான ஆய்வு. 90 சதவீதத்துக்கும் குறைவாக மாத்திரை போட்டவர்களில் பெரும்பாலோருக்கு, ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் பிசிஆர் எண் வேண்டிய அளவு இறங்கவில்லை. 90 சதவீதம் என்றால் மாசத்துக்கு மூன்றே நாள்தான் விடலாம். நான் அதையும் தாண்டியிருந்தேன். பெயரைப் பார்த்துப் பயந்தவன், செய்த தப்பைப் பார்க்கவில்லை.

நீ புது மாத்திரையைத் தொடங்கும் முன் ஒரு பிசிஆர் எடுத்துவிடு. மூன்று மாசம் கழித்து அதே லேபில் இன்னொன்று. 0.1 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால் சந்தேகத்தை விட்டுவிடலாம். கொஞ்சம் ஏறினாலும் பதறாதே, பரிசோதனையிலேயே சின்ன ஏற்ற இறக்கம் உண்டு. திரும்ப எடுக்கச் சொல்வார்கள். மாறுவதற்கு முன் எனக்கு 0.03, பின்னால் 0.02.

சாப்பிட்டவுடன் பெரிய டம்ளர் தண்ணீரோடு போடு. முடிவு வந்ததும் எண்ணை மட்டுமாவது எழுது. பேரன் போட்டோவும் வேண்டும்.

உன்
சந்திரன்