மகளின் காலுக்கு ஓய்வு வாங்கித் தந்தவர்களுக்கு

சேரன்மகாதேவியிலும் பாளையங்கோட்டையிலும் இருக்கும் சிலருக்கு இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் "இதுக்கெல்லாமா நன்றி" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால் எல்லோரும் பார்க்கவே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் என் மகள் எட்டாம் வகுப்பு. நீளம் தாண்டுதலில் குறுவட்டத்தில் முதலாவது வந்தாள். அடுத்து வருவாய் மாவட்டப் போட்டி, அதில் ஜெயித்தால் மாநிலம். அந்த நேரம் பார்த்து, ஊன்றித் தாண்டும் காலில் முட்டுக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு, படியேறினாலே முகம் சுளிக்கிற அளவுக்கு வலி.

"இந்தப் பிள்ளையை இந்த வருஷம் நான் கூட்டிட்டுப் போகமாட்டேன்" என்று முதலில் சொன்னது நீங்கள்தான், பி.டி. டீச்சர். ஒரு பதக்கம் குறைந்தால் பள்ளியில் உங்களைத்தான் கேட்பார்கள், தெரிந்துதான் சொன்னீர்கள். அதோடு நிறுத்தியிருந்தாலே நன்றி சொல்லியிருப்பேன். ஆனால் தாண்ட முடியாதவளை வீட்டுக்கு அனுப்பாமல் தினமும் மைதானத்துக்கு வரச் சொல்லி, மணல் குழியைக் கிளறிச் சமப்படுத்தவும், டேப் பிடிக்கவும், தாண்டுமுன் மிதிக்கிற பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து கால் கோட்டைத் தாண்டினால் சிவப்புக் கொடி, சரியாக இருந்தால் வெள்ளைக் கொடி காட்டவும் பழக்கினீர்களே, அதனால்தான் அந்த மாதங்களில் என் பிள்ளை உடைந்து போகவில்லை. ஜெயிக்கிறவளுக்குத்தான் மைதானத்தில் இடம் என்று அவள் ஒருநாளும் நினைக்க வேண்டி வரவில்லை.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பார்த்த டாக்டரம்மா, நீங்கள் என்னிடம் பேசாமல் அவளிடமே பேசினீர்கள். வளர்கிற வயதில் தொடைத் தசையின் நாண் வந்து சேரும் இடத்தில் காலெலும்பு இன்னும் முழுசாகக் கெட்டிப்பட்டிருக்காது, ஓடியும் தாண்டியும் நாண் அந்த இடத்தையே இழுப்பதால் வீங்கி வலிக்கிறது, ஆஸ்குட் ஸ்லாட்டர் என்று பெயர், விளையாடுகிற பிள்ளைகள் பலருக்கும் வருவதுதான், வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் அடங்கிவிடும், அதுவரை வலிக்கிற வேலையைக் குறைத்துக்கொள் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். பிள்ளை சோம்பேறித்தனம் பண்ணுகிறாள் என்று பேசியவர்கள் வாய் அதோடு அடைத்தது.

எல்லோரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. வேறொரு பயிற்சியாளர், ஒரு ஊசியைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு மட்டும் தாண்டட்டுமே என்றார். வீட்டிலும் அதற்கு ஆதரவு இருந்தது, அத்தான், உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நானும் இவள் அப்பாவும் முடியாது என்று நின்றபோது உங்களுக்கு எங்கள் மேல் வருத்தம். ஆனால் உங்கள் நினைப்பு பேராசை இல்லை. அரசு வேலையில் விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ஒரு சான்றிதழ் ஒரு குடும்பத்தையே நிமிர்த்திவிடும். மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் இருந்தார், அர்ஜுனா விருது வாங்கினார் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த பக்கம் இது, நம் வீட்டுப் பிள்ளை மேல் ஆசை வராமல் இருக்குமா? அந்த ஆசைக்காகப் பிள்ளையின் காலை அடகு வைக்கக் கூடாது என்பது மட்டும்தான் எங்கள் பேச்சு. டாக்டரம்மா சொன்னதைக் கேட்ட பிறகு நீங்கள் அவளிடம் போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. கல்யாண வீட்டில் யாரோ "ஏட்டி, மெடல் எங்க?" என்று கேட்க, "அவ இப்போ நடுவர்லா" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொன்னதும் அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்குத்தான் இந்த நன்றி, அத்தான்.

முனைக் கடை அண்ணாச்சி, சாயங்காலம் தவறாமல் பையில் ஐஸ் கட்டி கொடுத்துவிட்டு ஒரு ரூபாய் வாங்கவில்லை. வலி குறைந்தபின் நீந்தலாம் என்றதும் ஆச்சிதான் தாமிரபரணிக்குக் கூட்டிப்போய், அவள் கரையேறும் வரை படித்துறையிலேயே இருப்பார். தசைப் பயிற்சிக்குப் பாளையங்கோட்டை போய்வர, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் எங்களுக்குப் பெரிய உதவி. 2021-க்கு முன்னால் என்றால் அத்தனை தடவை போயிருக்க மாட்டோம். அவள் நொண்டி ஏறும்போது வண்டியை நிறுத்திப் பொறுமையாக ஏற்றிய கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி.

அப்புறம், மதினி. உங்கள் மகள் வருவாய் மாவட்டத்துக்குப் போனபோது என் மகளையும் கூட அழைத்துப் போனீர்கள். "இவ இல்லாததால உனக்கு நல்லதாப் போச்சு" என்று மைதானத்தில் யாரோ உங்கள் பிள்ளையிடம் சொன்னதற்கு, இரண்டு பேரும் கேட்கும்படி "அப்படிப் பேசாதீங்க" என்று நீங்கள் கண்டித்ததை என் மகள் வந்து சொன்னாள். இப்போது அவள் காலும் தேறிவிட்டது, டீச்சர் சொல்கிற அளவுக்கு மட்டும் தாண்டுகிறாள். இந்த வருஷம் இரண்டு பேரும் ஒரே பிரிவில் போட்டி போடப் போகிறார்கள். சாப்பாடு நான் கட்டிக்கொண்டு வருகிறேன், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.